முப்பத்தொன்றாம் நம்பர் வாளி

ஒரு நேர்கோட்டைப் பார்த்து வா என்று என்னைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். இலங்கைக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, மாணிக்கக் கல் வாங்கப் போகிறவர்கள் உண்டு. நான் கோடு பார்க்கப் போனேன்.

நான் தமிழ்நாட்டில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட டெக்னீஷியன். ஒப்பந்த வேலை. எங்கள் பேராசிரியர் ரப்பர் பால் நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்றை வடிவமைத்தார். படம் வரைந்தது அவர். சால்டரிங் வைத்து, பெட்டியில் அடைத்து, ஓட வைத்தது நான். வாளியைக் கொக்கியில் மாட்டினால் எடை காட்டும். ஒரு கம்பியைப் பாலுக்குள் விட்டால் அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும். பால் வெட்டுகிறவரின் நம்பரை அழுத்தினால் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும். நன்றாக ஓடினால் அது அவருடைய மெஷின். கோளாறு வந்தால் என்னுடைய மெஷின்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அதை வைத்திருந்தோம். மாதம் ஒரு சிடி தபாலில் வரும். மழைக் கணக்கையும் மரத்தின் வயதையும் அதோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த மரங்கள் எந்த மாதம் எவ்வளவு பால் தரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் ஆராய்ச்சி. அந்த மலையில் பால் வெட்டுகிறவர்கள் பதின்மூன்று பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு மரம், பங்குக்கு ஒரு நம்பர். திரையில் பதின்மூன்று கோடுகள்.

பன்னிரண்டு கோடுகள் மழைக்கு விழுந்தன, வெயிலுக்கு எழுந்தன. முப்பத்தொன்றாம் நம்பரும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் ஆடியது. பிறகு நான்கு மாதம், கொத்தனார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

"ஒண்ணு, உன் மெஷின் கோளாறு. இல்லேன்னா அந்த மரங்க அதிசயம். இல்ல, வெட்டுறவ கை அதிசயம்" என்றார் பேராசிரியர். அதிசயம் என்றால் அவருக்கு வெளிநாட்டில் வாசிக்க ஒரு கட்டுரை. கோளாறு என்றால் எனக்கு ஒப்பந்தம் இல்லை. "முப்பத்தொண்ணு யாரு, எப்படி வெட்டுறான்னு வீடியோ எடுத்துட்டு வா. கை, கத்தி, மரம் எல்லாம் தெரியணும்."

எனக்கு ஊர் கேரள எல்லைப் பக்கம் குலசேகரம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் மரம் நேர்கோடு போடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேராசிரியரிடம் சொன்னேன். "டேட்டா சொல்லுதே" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

நான் போனது 2004-இல். சண்டை நிறுத்தம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதை நம்பி, மாற்றுத் தராசையும் பேட்டரியையும் சிவப்புக் கறுப்பு ஒயர்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவிசாவளை தாண்டியதும் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். திறந்தேன். இரண்டு அடி பின்னால் போனார்.

ஐந்து நிமிடத்தில் பஸ் காலி. எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம். நானும் பெட்டியும் இந்தப் பக்கம். "தராசு! பால் நிறுக்கிற தராசு!" என்று தமிழில் கத்தினேன். புரியவில்லை என்றதும் இன்னும் சத்தமாகக் கத்தினேன். சத்தம் போட்டால் மொழி புரிந்துவிடுமா என்ன? அப்போது அது தோன்றவில்லை.

கூட்டத்திலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும் திரும்பி வந்தார். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முனாஃப் நாநா. சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். கொக்கியைக் காட்டி ஏதோ கேட்டார். நான் பேட்டரியை மாட்டித் தராசை ஓட விட்டேன். அவர் தன் சோற்றுப் பொதியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இன்னொருவர் துப்பாக்கியையே மாட்டினார். எண் வந்தது. இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். போகலாம் என்றார்கள்.

"அவங்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"குண்டு செய்யத் தெரிஞ்ச பொம்பள இப்புடிக் கத்திக்கிட்டு நிப்பாளா மாத்தயா எண்டு கேட்டேன். வேறொண்டும் இல்ல, தங்கச்சி."

யட்டியாந்தோட்டையில் இறங்கியதும் தேநீர் குடிக்க ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், பருப்பு வடை, சீனிச் சம்பல் பணிஸ் என்று கொண்டுவந்து வைத்தார்கள். வைத்ததை மிச்சம் வைப்பது எங்கள் வீட்டில் பாவம். ஏழாவதை எடுக்கும்போது நாநா மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, காலையில சாப்புடல்லயா?" அங்கே தட்டை நிரப்பி வைப்பார்களாம், தின்றதற்கு மட்டும் எண்ணிக் கொடுத்தால் போதுமாம், மீதி அடுத்த மேசைக்குப் போகுமாம். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. நான் எழுதிவிட்டேன்.

அடுத்த குழப்பம் அங்கேயே. தோட்டத்திலிருந்து வந்த கடிதத்தில், 'பஸ் நிலையத்தில் கண்டக்டர் உங்களுக்காகக் காத்திருப்பார்' என்று இருந்தது. நிலையத்தில் ஆறு பஸ், ஆறு கண்டக்டர். ஒவ்வொருவராகப் பிடித்து, என்னைக் கூட்டிப்போக வந்தது நீங்களா என்று கேட்டேன். நாலாவது ஆள் மிரண்டு படியில் ஏறி நின்றுகொண்டார். அரைக் காற்சட்டையும் குடையுமாக ஒருவர் இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். "நான்தாங்க கண்டக்டர்" என்றார். தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்வை செய்கிறவருக்குக் கண்டக்டர் என்று பெயர். முன்னாலேயே வந்து சொல்லியிருக்கலாமே என்று சத்தம் போட்டேன். "நீங்க பேசி முடிக்கட்டும்னு நின்னேன்" என்றார்.

அவர் வீட்டில்தான் தங்கினேன். அவர் மனைவி தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். சம்பல் வாயில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. மத்தியானம் பிஞ்சுப் பலாக்காய்க் கறி. எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "சக்கைக் கறி நல்லா இருக்கு" என்றேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அங்கே சக்கை என்றால் பிழிந்து எறிகிற சக்கைதான். அதை விளக்கி முடிப்பதற்குள் கறி ஆறிவிட்டது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் நின்றேன். பெரட்டு என்றால் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. பெண்கள் வாளியும் கத்தியுமாக வந்து நின்றார்கள். கண்டக்டர் சொன்னார்: "இந்த மிஸ்தான் மெஷின் செஞ்சவங்க. முப்பத்தொண்ணு வெட்டுறதப் படம் எடுக்க வந்திருக்காங்க. செல்வமணி, கேட்டுச்சா?"

உடனே பெண்கள் தங்களுக்குள் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார்கள். தமிழச்சிகள் பதின்மூன்று பேர். அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள். நான் தமிழ் என்பதால் இரகசியத்துக்குச் சிங்களத்துக்குப் போனார்கள். 'ஹரி ஹரி' என்பது மட்டும் புரிந்தது, சரி சரி என்று. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஊரில் நாங்கள் இரகசியம் பேச மலையாளத்துக்குப் போவோமே என்பது இப்போது நினைவு வருகிறது. அன்று வரவில்லை.

வாட்டசாட்டமான ஒருத்தி முன்னால் வந்தாள். "நான்தான் முப்பத்தொண்ணு. வாங்க மிஸ்."

போனேன். இங்கேயும் பால் வடியத் தேங்காய்ச் சிரட்டைதான் கட்டியிருந்தார்கள், எங்கள் ஊர் போலவே. மரமும் அதே மரம், பாலின் புளித்த வாடையும் அதே வாடை. எங்கள் ஊரில் வெட்டுகிறவருக்குப் பத்து மரமாவது சொந்தமாக இருக்கும், ஓட்டு வீடு ஒன்று இருக்கும். இங்கே இருக்கிற அறைகூடத் தோட்டத்துடையது. அவள் நன்றாகவே வெட்டினாள். பட்டையில் கத்தி வெண்ணெயில் போவது மாதிரி போனது. நாற்பது நிமிடம் படம் எடுத்தேன். ஆனால் மரத்தில் வெள்ளைச் சாயத்தில் பதினெட்டு என்று எழுதியிருந்தது.

"இது பதினெட்டுல்ல?"

"அது பழைய நம்பரு மிஸ்."

"அடுத்த மரத்துலயும் பதினெட்டுதான் இருக்கு. பெயின்ட் புதுசாத் தெரியுது."

"புதுசா அடிச்ச பழைய நம்பரு" என்றாள் கண்ணிமைக்காமல். பக்கத்து மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

இவள் நன்றாக வெட்டுகிறாள், சரி. அதற்காக மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே அளவு பாலா? நான் அவளோடு இருந்த அன்றே, இருநூறு மரத்தில் சில சிரட்டைகள் நிரம்பின, சில பாதிதான். எப்படி நேர்கோடு வரும்? பெட்டியைப் பிரித்துத் தராசைச் சோதித்தேன். சுத்தம். கம்பி சுத்தம். என் ஒட்டுகள் எல்லாம் கல் மாதிரி இருந்தன.

மூன்றாம் நாள் காலை, படம் எப்படி வந்திருக்கிறது என்று கேமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டரின் மனைவி எட்டிப் பார்த்தார். "அட, நம்ம பாக்கியம்! என்னா அழகா விழுந்திருக்கா!"

"பாக்கியமா? செல்வமணி இல்ல?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார். "கண்ணாடி போடல்ல மிஸ். சரியாத் தெரியல்ல" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

கண்டக்டரிடம் முப்பத்தொன்றாம் பங்குக்கு வழி கேட்டேன். "மேல போகாதீங்க மிஸ். அட்டை. வழுக்கும். மழ வருது" என்றார். மூன்று காரணம் சொல்லித் தடுத்தால் நான் கட்டாயம் போவேன். போனேன். அவர் சொன்ன மூன்றும் உண்மை. இரண்டு முறை விழுந்தேன், கெண்டைக்காலில் ஏழு அட்டை.

மேலே ஏறியதும் மரத்தில் முப்பத்தொன்று என்று இருந்தது. சிரட்டையைப் பார்த்தேன். காய்ந்த இலை. அடுத்த சிரட்டையில் மழைத் தண்ணீர், அதில் கொசுப் புழு. அடுத்ததில் சிலந்தி. வெட்டுத் தடத்தில் பழைய ஒட்டுப்பால் கறுத்துக் கயிறு மாதிரி காய்ந்திருந்தது. பத்து மரம், இருபது மரம், எல்லாம் அப்படியே. நான்கு மாதமாக ஒரு கத்தியும் படவில்லை. கம்ப்யூட்டர் போட்ட மதிப்பெண்ணில் முதலில் நின்ற மரங்கள் இவை. பேராசிரியர் கட்டுரைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டார்.

மெஷின் நன்றாக ஓடுகிறது. மரம் பால் தரவில்லை. வாளியில் பால் இருக்கிறது. மூன்றும் உண்மை என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும்.

பாறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் காலி வாளி. வலது தோளைச் சேலைத் தலைப்பால் போர்த்தியிருந்தாள். பச்சிலைக் கட்டின் எண்ணெய் வாடை எனக்கு எட்டியது.

"நீங்க யாரு?"

அவள் எழுந்தாள். யோசித்தாள். "பாக்கியம்" என்றாள்.

"இன்னொரு பாக்கியமா! நேத்து கீழ ஒரு பாக்கியம் செல்வமணின்னு சொல்லிட்டுப் படம் எடுத்துக்கிட்டா. இன்னைக்கு மேல நீ பாக்கியம்ங்கற. அப்ப செல்வமணி எங்க? மரத்துல ஏறிட்டாளா?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "கோவப்படாதீங்க மிஸ். நான்தான் செல்வமணி" என்றாள். பிறகு, "மெஷினு எப்புடிக் கண்டுபுடிச்சுச்சு?" என்று கேட்டாள்.

கீழே இறங்கினேன். அவளும் பின்னாலேயே இறங்கினாள். பால் நிறுக்கும் கொட்டகையில் மெஷின் ஒரு பக்கம் தொங்குகிறது. அதற்கு மறுபுறம், தேக்கு மரங்களின் மறைவில் பன்னிரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு வாளி. ஒவ்வொருத்தியும் தன் வாளியைச் சாய்த்து அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாக்கியம் குனிந்து வாளிக்குள் பார்த்து, "இன்னும் ரெண்டு வெரல்... காந்தி, நீ ஊத்து. போதும், போதும்! கோட்டத் தாண்டுது" என்றாள்.

வாளியின் உள்பக்கம் ஆணியால் கீறிய ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைத்தான் நான் ஊரிலிருந்து பார்க்க வந்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் பாக்கியம் நிமிர்ந்தாள். சிங்களம் இல்லை, நேராகத் தமிழ்.

"பாத்துட்டீங்கதானே. போயித் தொரகிட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம பீலியில தண்ணி புடிக்கிறப்ப வழுக்கி விழுந்து தோள் போச்சு அவளுக்கு. வேல நேரத்துல விழல்ல, அதனால தோட்டம் ஒண்ணும் பாக்காது. நாட்டு வைத்தியம் பாக்குற வெதமாத்தயாதான் கட்டுப் போடுறாரு. மூணு மாசம் வேல செய்யாட்டி செக்ரோல் புத்தகத்துல பேர வெட்டிருவாங்க. பேரு இல்லாட்டி குடியிருக்கக் காம்பரா இல்ல. புருசன் இல்ல, ரெண்டு பொட்டப் புள்ளைங்க. எங்க போவா?"

"அதுக்காக எங்கிட்டப் பொய் சொல்லுவீங்களா? நாப்பது நிமிஷம் உன் கையப் படம் எடுத்தேனே!"

"நல்லா வெட்டுனேன்தானே?"

பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி, ஊத்துறீங்க. எதுக்குக் கோடு கீறி ஊத்துறீங்க?"

"மெஷினு வந்தன்னிக்குக் கண்டக்டரய்யா சொன்னாரு. இனிமே கூடக் கொறைய இருந்தா மெஷினு காட்டிக் குடுத்துரும்னு. அதான் கூடவும் விடல்ல, கொறயவும் விடல்ல. மழ நாள்ல எங்க வாளி காஞ்சு போனாலும் அவ கோட்ட நெரப்பிட்டுத்தான் கொண்டு போவோம்."

செல்வமணி கேட்டாள்: "நாலு மாசமா ஒரு சொட்டு கொறயல்ல மிஸ். பெறகு எப்புடிக் கண்டுபுடிச்சுச்சு?"

"கொறயாததாலதான்" என்றேன்.

பாக்கியம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "அனே!" என்றாள் யாரோ.

நான் செய்த தராசு அது. ஏமாற்ற முடியாது என்று பெருமைப்பட்ட தராசு. அதற்குப் பயந்து இவர்கள் மரங்கள் ஒருநாளும் செய்யாத ஒழுங்கைச் செய்து வைத்திருக்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அட்டைக் கடியைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

நாலாம் நாள் காலை துரை, அதாவது தோட்ட மேலாளர், ஆபீசுக்கு அழைத்தார். பேராசிரியர் அவருக்கும் கடிதம் எழுதியிருந்தார். "முப்பத்தொன்றுதான் முதல் என்று உங்கள் கம்ப்யூட்டரே சொல்கிறதாமே" என்றார் ஆங்கிலத்தில். "நாளைக் காலை நானே வருகிறேன். அந்தப் பெண் என் கண்முன் வெட்டட்டும். மற்றவர்களுக்கும் அதைப் பார்த்துப் பழகக் கொடுக்கலாம். கம்பெனிக்கும் காட்ட வேண்டும்."

கண்டக்டர் கதவோரம் நின்றிருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நல்லொழுக்கம் காரணமல்ல, வாய்க்கு அதற்கான பொறுமை இல்லை. உண்மையைச் சொன்னால் என் மெஷின் ஒரு சொட்டுப் பிசகாமல் ஓடியது என்று நிரூபணம் ஆகும். பேராசிரியர் முகத்தில் அதை வீசலாம். ஒப்பந்தம் நிலைக்கும். செல்வமணியின் பெயர் அன்று மத்தியானமே வெட்டுப்படும்.

"வெட்ட வைக்க வேண்டாம்" என்றேன். "மெஷின் கோளாறு. முப்பத்தொன்றை அழுத்தினால் பழைய எண்ணையே திரும்பக் காட்டுகிறது. என் ஒட்டு சரியில்லை."

துரை நாற்காலியில் சாய்ந்தார். "அப்படியானால் நான்கு மாதமாக எங்களுக்குக் குப்பையைக் காட்டியிருக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து சொல்வதற்கு இதுதானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கோளாறு எங்கே, காட்டுங்கள் என்றார். கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, நானே வைத்த, கல் மாதிரி இருந்த ஒட்டு ஒன்றைச் சூடு வைத்து உருக்கி, "இதோ, இதுதான்" என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு எது ஒட்டு, எது ஈயம் என்று தெரியாது. அவர் போனதும் அதைத் திரும்ப வைத்தேன். முன்பிருந்த அளவுக்கு நன்றாக வரவில்லை.

மெஷின் சரியாகிவிட்டது என்றால் கோடு இனி நேராக இருக்கக் கூடாது. அதைச் சொல்லப் பெண்களிடம் போனேன்.

"இனிமே கோடு வேணாம். அதத் தேச்சு அழிங்க. ஒழுங்கில்லாம ஊத்துங்க."

"ஒழுங்கில்லாம எப்புடி மிஸ் ஊத்துறது?" என்றாள் பாக்கியம். உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "எவ்வளவுன்னு சொன்னாத்தானே ஊத்தலாம்?"

"உங்க வாளி எவ்வளவு கொறையுதோ, அவ வாளியும் அவ்வளவு கொறையட்டும். மழ நாள்ல உங்களுக்குப் பாதின்னா அவளுக்கும் பாதி."

"அப்பிடின்னா மெஷினு ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லாது."

"இத நாலு மாசத்துக்கு முந்தி வந்து சொல்லியிருந்தா என் பாலாவது மிச்சம்" என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள். "வாய மூடுடி, மிஸ்ஸுக்கு அட்ட கடிச்ச கோவமே இன்னும் போகல்ல" என்றாள் பாக்கியம். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது. பாக்கியத்தின் படத்தை அவள் எதிரிலேயே கேமராவிலிருந்து அழித்தேன். அதற்கு மட்டும் அவள் வருத்தப்பட்டாள்.

கிளம்பும் நாள் கண்டக்டர் பஸ் நிலையம் வரை வந்தார். "உங்களுக்கு முதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"மேல போகாதீங்கன்னு சொன்னேன்தானே" என்றார். பெட்டியை ஏற்றிவிட்டு, பஸ் கண்டக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த ஆள் வழியெல்லாம் என் பெட்டிக்குப் பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை.

ஊருக்கு வந்ததும் பேராசிரியர் மாணவர்கள் முன்னால் நிற்க வைத்துத் திட்டினார். "ஒரு ஒட்டு ஒழுங்கா வைக்கத் தெரியல. நாலு மாச டேட்டா போச்சு." முப்பத்தொன்றாம் வரிசையை முழுவதுமாக அழித்தார். என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார். வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எனக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

அந்த வரிசையை அழித்ததில் இன்னொரு தவறும் நடந்தது. மற்றப் பன்னிரண்டு பேரின் மரங்களும் உண்மையில் கொடுத்தது, கம்ப்யூட்டரில் இருப்பதைவிட அதிகம். ஒவ்வொருத்தியின் பாலிலும் ஒரு பங்கு அந்த வாளிக்குப் போயிருந்தது. வாளியை அழித்தபோது அதுவும் அழிந்தது. அதனால் அந்த ஆராய்ச்சி தப்பு. அந்த மரங்களுக்குக் கம்ப்யூட்டர் போட்ட மதிப்பெண் தப்பு. தப்பாக்கியது நான். திருத்த வேண்டுமானால் செல்வமணியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

அடுத்த சிடி வந்தது. முப்பத்தொன்று மற்றவர்களோடு சேர்ந்து விழுந்தது, சேர்ந்து எழுந்தது. ஆனால் எப்போதும் நடுவிலேயே நின்றது. பன்னிரண்டு பேர் பாலைக் கலந்தால் நடுவில்தான் நிற்கும். முதலுக்கும் வராது, கடைசிக்கும் வராது. பேராசிரியருக்கு அது கண்ணில் படவில்லை. "இப்ப சரியாயிடுச்சு" என்றார். அதற்கடுத்த மாதமும் நடுவில்.

மூன்றாவது சிடியை அவர் வருவதற்கு முன்பே போட்டுப் பார்த்தேன். பாதி மாதம் வரை நடுவில். பிறகு இரண்டு நாள் முப்பத்தொன்றுக்கு எண்ணே இல்லை. மற்றப் பன்னிரண்டுக்கும் இருந்தது. பெயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். யாருக்குப் போன் பண்ணுவது, என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. விரலை வைத்து அடுத்த வரிக்கு இறங்கினேன்.

மூன்றாம் நாள் முப்பத்தொன்று இருந்தது. பதின்மூன்று பேரில் கடைசி. செல்வமணியே கத்தி எடுத்துவிட்டாள்; காய்ந்த தடத்தைத் திறக்க இரண்டு நாள் போயிருக்கும், பாதி மரத்தைத்தான் வெட்டியிருப்பாள். மறுநாளும் கடைசி. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்து, அதற்கடுத்த நாள் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கி, மாதம் முடியும் வரை கடைசி. அப்படிப்பட்ட கோணல் கோட்டை நான் என் வேலையில் பார்த்ததில்லை.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, பேராசிரியர் பின்னால் நின்றிருந்தார். திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன இது, முப்பத்தொண்ணு மறுபடி கெட்டுப்போச்சா?"

"இல்ல சார்," என்றேன். "இப்பதான் அது ஒழுங்கா வேலை செய்யுது."